அக்கா வேண்டாம் என்றாள்

எங்கள் பட்டறையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி பேரப்பிள்ளை எடுத்தவர், அவருக்கும் அவள் அக்கா. சீட் இறக்க வருகிற டிரைவர்கள், நூல்கண்டு கொண்டுவந்து போடுகிற பெரியவர், எதிர்க்கடைக்காரர் என்று எல்லோருக்கும் அக்காதான். எனக்கு மட்டும் வேறு பெயர். ரெக்சின் வெட்டுவது என் வேலை, அதனால் கத்தரி. அது வேலையால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பாதி உண்மைதானே.

பஸ் சீட்டுகளுக்கு உறை மாற்றுகிற பட்டறை எங்களுடையது. கிழிந்த சீட்டுகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பழைய ரெக்சினை உரித்து, துருப்பிடித்த பின்களைப் பிடுங்கி, பொடிப்பொடியாகிவிட்ட ஃபோமைச் சுரண்டிப் புதிதாக ஒட்ட வேண்டும். நான் அளந்து வெட்டிக் கொடுப்பேன், அக்கா தைப்பாள். மெஷின் எட்டாத மூலைகளை வளைந்த ஊசியால் கையில்தான் தைக்க வேண்டும். அக்கா இழுத்துத் தைத்த மூலையில் சுருக்கம் கண்டுபிடிக்கிறேன் என்று முதலாளியே ஒருமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து போனார்.

சீட்டின் இடுக்குகளில் சீப்பு கிடைக்கும், சில்லறை கிடைக்கும், சில நாள் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைக்கும். அந்த ஒற்றைச் செருப்புகளை அக்கா குப்பையில் போடவிடமாட்டாள். ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருப்பாள்.

"தேடிக்கிட்டு வந்தாங்கன்னா?" என்பாள்.

"அந்தக் குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைச்சிருக்கும், அக்கா" என்பேன். சிரிப்பாள். ஆனால் எடுத்துப் போடமாட்டாள்.

இல்லை, முடியாது, வேண்டாம் என்கிற வார்த்தைகளெல்லாம் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. யாருக்காவது அவசர லீவு வேண்டுமென்றால் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்வாள். தைத்த சீட்டை டிரைவர் வந்து நிறம் பிடிக்கவில்லை என்றால், நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவனாகவே இருந்தாலும், மறுபேச்சில்லாமல் பிரிப்பாள். எனக்குத்தான் வயிறு எரியும். சண்டை போட நான் போவேன், சமாதானம் பண்ண அவள் வருவாள்.

வீட்டிலும் அப்படித்தான். அப்பா கால் வீங்கிப் படுத்து, சீக்கிரமே போய்விட்டார். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளைவிடச் சின்னவன். படிப்பை நிறுத்து என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் அம்மா பையனுக்கு மட்டும் புத்தகப் பையை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். அக்கா பட்டறைக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு இரண்டொரு தடவை வந்தது. "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று அம்மா சொன்னாள். தம்பி பஸ் டிரைவராகி ஒரு நிலைக்கு வந்தபோது கல்யாணப் பேச்சு வருவது நின்றிருந்தது. இதிலெல்லாம் யாரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

தம்பி நல்லவன். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு நல்ல கத்திரிக்கோலும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்தவன். அவன் ஓட்டுகிற பஸ்ஸில் அக்கா தைத்த சீட் இருந்தால் கண்டக்டரைக் கூப்பிட்டு, "இது எங்கக்கா கை" என்று காட்டுவானாம். அவனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. அதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்புதான் டிரைவர்களுக்கான பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு முகம் ஊதியது, மூச்சு வாங்கியது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வாந்தி எடுத்தான். வேலை போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலி அவன் இடமானது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்குப் பெயர் எழுதி வைத்தார்கள். அந்த வரிசை நீளம். வீட்டிலிருந்தே யாராவது கொடுத்தால் நல்லது என்றார் டாக்டர்.

"பெரியவ இருக்கா" என்றாள் அம்மா.

பெரியவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைக்கு யார் போவது என்கிற பேச்சு வந்தாலும் அம்மா அப்படித்தான் சொல்வாள். அம்மாவுக்கு அப்போது ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்ததால் அவளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு பரிசோதனையாக எடுத்தார்கள். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாமும் பொருந்தியது, அவள் உடம்பு கல்லுக்குண்டாக இருப்பதாகச் சொன்னார்கள். பட்டறையில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். எதிர்க்கடைக்காரர், "அக்கான்னா இவதான்யா அக்கா" என்றார். நானும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு அறை. அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். கொடுக்கப்போகிறவர்களிடம் தனியாகப் பேசுவதுதான் அவர் வேலை. அக்காவோடு கூடவே நுழைந்த அவள் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே நடந்ததை அக்கா பிற்பாடு ஃபோம் ஷீட்டுகள் அடுக்கியிருக்கிற அறையில் வைத்து என்னிடம் சொன்னாள். அந்த அறையில் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

"தம்பிக்கு நீங்க கொடுக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க?" என்று அவர் கேட்டாராம்.

"யாரும் முடிவு பண்ணலீங்க. நான் இருக்கேன்ல."

"சரி. உங்களுக்கு இதுல விருப்பமா?"

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்திருக்கிறது.

"அந்தக் கேள்விய என்கிட்ட யாரும் கேட்டதே இல்லடி" என்றாள் என்னிடம். "பதில் என்னன்னு எனக்கே தெரியல. வாயத் தெறந்தேன். வேணாம்னு வந்துருச்சு. வேற யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. அழுகைகூட வரல. உடம்பு லேசா ஆயிருச்சு. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு."

"ஆபரேஷனுக்குப் பயந்தியா?"

"பயம்தான். பயமில்லாம இருக்குமா? ஆனா அது மட்டும் இல்ல. என்னோடதுன்னு ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னே அந்தம்மா கேட்டப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே கொடுன்னா எப்படிடி?"



வேண்டாம் என்று சொன்ன கையோடு அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "வெளியில சொல்லிராதீங்க. எங்கம்மா தாங்க மாட்டாங்க."

"சொல்ல மாட்டோம். நீங்க எனக்கும் காரணம் சொல்ல வேணாம். உங்ககிட்டேருந்து எடுக்க முடியாதுன்னு மட்டும் டாக்டர் சொல்லுவார். மனசில்லாம வர்றவங்களுக்காகவே வெச்சிருக்கற வழிதான் இது."

நல்ல வழிதான். அதைக் கண்டுபிடித்தவர்கள் நல்ல மனசுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடி நின்று பார்க்கும்போது ஒருவர் கொடுக்கிறேன் என்றால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை என்று புரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அக்காவின் வீட்டை அவர்கள் பார்த்ததில்லை.

டாக்டர் அம்மாவையும் தம்பியையும் கூப்பிட்டு, "இவங்க கிட்னிய எடுக்க முடியாது. காரணத்த நாங்க சொல்றதில்ல. அவங்களையும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். தன் பங்குக்கு அவர் கவனமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றால், வாய் விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது. அப்பா கால் வீங்கிப் போனார். பையனுக்கு இப்படி. இப்போது பெண்ணுக்குமா? ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்காவுக்குப் புரிந்தது, அம்மா அழுவது தம்பிக்காக இல்லை, தனக்காக என்று. அவள் நினைவு தெரிந்து அம்மா அவளுக்காக அழுதது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் எப்படி உண்மையைச் சொல்வாள்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு நோயாளிகள். தம்பிக்கு உப்பு கூடாது என்றால் அக்காவுக்கும் கூடாது. தம்பிக்கு உருளைக்கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். அதே சப்பென்ற கிழங்கு அக்கா தட்டிலும் விழும். தம்பிக்கு அளந்து ஊற்றுகிற டம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளர் வந்தது. தாகம் அடங்க ஐஸ் துண்டை வாயில் போட்டு உருட்டுவதற்குத் தம்பி அவளுக்குப் பாடம் எடுத்தான். கனமான எதையும் அம்மா அவளைத் தூக்கவிடவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த வீட்டைத் தூக்கிச் சுமந்தவள், இப்போது தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் திட்டு விழுந்தது.

பட்டறையில் மதியம் என் டப்பாவைத் திறந்ததும் திருடி மாதிரி கை நீட்டுவாள். உப்பும் காரமும் கண்டால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். குழாயடியில் நின்று மூச்சு விடாமல் தண்ணீர் குடிப்பாள். நோயாளி இப்படியா குடிப்பாள் என்று நான் பிடித்து உலுக்கியபோதுதான் ஃபோம் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லா இருக்கு கூத்து. இந்த உப்பில்லாச் சாப்பாட்ட எத்தன நாளுக்குச் சாப்பிடுவ?"

"அதுகூடப் பரவால்லடி. சாயங்காலம் தம்பி வந்து என் கால எடுத்து மடியில வெச்சுக்கிறான். அதான் முடியல."

சிறுநீரகம் கெட்டால் காலில் நீர் கோக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நர்ஸ் தனக்குப் பார்ப்பதைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டிருந்தான். தினமும் சாயங்காலம் தன் வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அக்கா காலை மடியில் போட்டு, அழுத்திப் பார்ப்பானாம். "குழி விழலக்கா" என்று சொல்லிச் சிரிப்பானாம். அதைச் சொல்லும்போது அக்கா அழுதாள்.

இதற்கிடையில் அம்மாவின் ரத்த அழுத்தம் ஒரே மாத்திரையில் அடங்கியது. இப்போது அம்மாவைப் பரிசோதிக்கலாம் என்றார் டாக்டர். பரிசோதித்தார்கள். பொருந்தியது. கண்ணாடி போட்ட அம்மா அவளிடமும் தனியாகப் பேசினார். "எம்புள்ளைக்கு நான் கொடுக்காம யார் கொடுப்பா?" என்று அம்மா அவரையே அதட்டிவிட்டு வந்தாளாம். அன்று அக்கா பட்டறைக்கு வந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். ஜன்னல் கட்டையில் இருந்த செருப்புகளையெல்லாம் எடுத்துத் தூசு தட்டித் துடைத்து வைத்தாள். மெஷினில் பாட்டு முணுமுணுத்தாள். தம்பி பிழைத்துக்கொள்வான், அவள் வேண்டாம் என்றது யாருக்கும் தெரியாமலே கழிந்துவிடும். எனக்கும் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

தம்பி மாட்டேன் என்றுவிட்டான்.

ஏன் என்று முதலில் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பயம் என்றான், டயாலிசிஸே பழகிவிட்டது என்றான். அவனைக் குடைந்தெடுத்து வாங்கிய காரணத்தை அம்மா அக்காவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"எங்கிட்ட கொடுக்கறதுக்கு இருக்கறதே ஒண்ணுதானாம். அத அவனுக்குக் கொடுத்துட்டா நாளைக்கு உனக்கு யாரு கொடுப்பான்னு கேக்கறான். அக்காவுக்கு இருக்கட்டும்மா, நான் ஓட்டிருவேன்ங்கறான். நான் என்னடி பண்ணுவேன் பெரியவளே? யாருக்குன்னு நான் கொடுப்பேன்?"

அதைச் சொல்லும்போது அம்மா இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தாளாம், அங்கே இருப்பதை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

அக்கா அன்று வேலைக்கு வரவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடி போட்ட அம்மாவிடம் நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவன்கிட்ட சொல்லுங்க. நான் வேணாம்னு சொன்னதையும் சொல்லிருங்க. எனக்குப் பரவால்ல." அவர் யோசித்துவிட்டு, "அத மொதல்ல நீங்க சொல்றதுதான் முறை. அப்புறம் நானும் வந்து பேசறேன்" என்றார்.

டயாலிசிஸ் அறையில் தம்பி உட்காருகிற நாற்காலியின் கைப்பிடி ரெக்சின் கிழிந்து ஃபோம் பிதுங்கியிருக்கும். அவன் கை மணிக்கணக்காக அதன்மேல்தான் கிடக்க வேண்டும். அடுத்த டயாலிசிஸ் நாளன்று அக்கா பட்டறையிலிருந்து ஒரு துண்டு ரெக்சினும் வளைந்த ஊசியும் எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன், அவளுக்குத் துணைக்கு என்று. டயாலிசிஸ் ஊசி ஏற்றாத பக்கத்துக் கைப்பிடியை அவள் தைக்க ஆரம்பித்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்லடா. எல்லாம் பொருந்தத்தான் பொருந்துச்சு. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

"யாருக்குக்கா காது குத்தற? நீ வேணாம்னு சொன்னியா? நீயா? உனக்கு அந்த வார்த்தையே வராதேக்கா."

"சத்தியமாடா."

"அம்மாகிட்டேருந்து நான் வாங்கிக்கணும்னு எப்பேர்ப்பட்ட பொய்ய ஜோடிச்சுக்கிட்டு வந்திருக்க பாரு. உன்னப் பத்தியே இப்படிச் சொல்லிக்க உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

அவன் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "தம்பி, அவ சொல்றது நெஜம். எங்கிட்ட அன்னைக்கே சொன்னா" என்றேன்.

"உங்களயும் கூட்டுச் சேத்துட்டாளா?" என்றான்.

ஊரில் எவனையும் வாயால் வென்றுவிடுகிற என்னால் அவனை அசைக்க முடியவில்லை. கண்ணாடி போட்ட அம்மா வந்தார், டாக்டரும் வந்தார். பரிசோதனையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டினார்கள்.

"எனக்குந்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் என்ன ஆச்சு? சரி, அவ நல்லாத்தான் இருக்கான்னா, எடுக்க முடியாதுன்னு அன்னைக்கு ஏன் சொன்னீங்க?"

"அவங்களோட தனி உரிமைய மதிச்சுத்தான்…"

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய். அன்னைக்கு அவளுக்காகப் பொய் சொன்னவங்க, இன்னைக்கு எனக்காகச் சொல்ல மாட்டீங்களா?"

அவனை ஒரு குறையும் சொல்ல எனக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த அக்கா ஒருத்திதான். தன் சோற்றை அவனுக்குத் தள்ளியவள், தன் படிப்பைத் தள்ளியவள். அவள் ஒரே ஒரு தடவை தனக்கென்று எதையோ வைத்துக்கொண்டாள் என்று யார் சொன்னாலும், அவளே சொன்னாலும், அவன் எதை வைத்து நம்புவான்? அவள் வாழ்ந்த வாழ்க்கையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கொடுத்துரப் போறேன்டி" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நம்ப வைக்கறதுக்காகவா? உள்ளதச் சொல்றன்னு காட்டறதுக்கு உடம்ப அறுத்துக்குவியா? அந்தம்மா எதுக்கு உன்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க? எல்லாத்தயும் பாழாக்காத."

"கத்தாத. அவங்ககிட்டயே போய்ச் சொல்லிட்டேன். திரும்பவும் அதையேதான் கேட்டாங்க. யாராவது கட்டாயப்படுத்தறாங்களான்னு."

"என்ன சொன்ன?"

"யாரும் கட்டாயப்படுத்தல, வாங்கிக்க வேண்டியவன் வேணாங்கறான், அம்மாவும் உனக்கு வேணும் வெச்சுக்கோங்கறா, இப்ப எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. அதனாலதான் எனக்குக் கொடுக்கணும்னு இருக்குன்னு சொன்னேன்." அவள் என் கையைப் பிடித்தாள். "இந்தத் தடவ நானாச் சொல்றேன்டி. நெஜமாவே எனக்குக் கொடுக்கணும் போல இருக்கு. அவன் பொழைக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. இத்தனை வருஷமாக அவள் கொடுத்ததெல்லாம் அவளிடமிருந்து எடுக்கப்பட்டவைதான். இதுதான் அவள் கொடுக்க நினைத்த முதல் பொருள். நான் வாயை மூடிக்கொண்டு ரெக்சினை வெட்டப் போனேன். அளவு தப்பிப்போய் ஒரு பெரிய துண்டு வீணானது.

வாங்கிக்கொள்கிறவனும் சம்மதிக்க வேண்டும், பரிசோதனைகளை மறுபடி எடுக்க வேண்டும், இன்னும் யோசிக்க அவளுக்கு அவகாசம் தர வேண்டும் என்றார் கண்ணாடி போட்ட அம்மா. எல்லாம் நியாயம்தான். தம்பிதான் இடம் கொடுக்கவில்லை. "கெட்டுப்போயிருக்கறத அறுத்து எனக்குக் கொடுத்துட்டு அவ சாகணுமா? இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தா நான் டயாலிசிஸுக்கே போகமாட்டேன்" என்றான். அக்கா அவன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். எப்படியும் மனசை மாற்றிவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இன்னும் கொஞ்சம் பேசினால் சரிக்கட்டிவிடலாம் என்று முதலாளிகூடக் கிளம்பிப்போய்ப் பேசிப் பார்த்தார்.

ஒருநாள் காலை டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கை மாட்டினபடியே கட்டிலில் உட்கார்ந்தான். இதயம் நின்றுவிட்டது. சிறுநீரகம் போனவர்களுக்கு இப்படித் திடீரென்று நேர்வதுண்டு என்றார் டாக்டர். நாங்கள் போனபோது அக்கா அந்த இன்னொரு கையையும் சட்டைக்குள் நுழைத்துவிட்டுப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களெல்லாம் ஒன்றையே பேசினார்கள். அம்மா கொடுக்கத் தயாராக இருந்தும் அக்காவுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உடம்பப் பாத்துக்கம்மா, அவன் அதுக்காகத்தானே போனான்" என்றார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். வாய் திறந்திருந்தால் அன்று யாரையாவது கடித்திருப்பேன்.

அவள் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். தம்பியின் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அக்காவின் டம்ளரில் அம்மா தண்ணீரை அளந்து ஊற்றிக் கொடுத்தாள். எனக்குச் செம்பு நிறைய.

"உங்கிட்டயும் அவ சொன்னாளாமே" என்றாள் அம்மா என்னிடம். "இவதான் வேணாம்னு சொல்லிட்டான்னு."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவன் எங்கிட்ட வந்து அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 'எனக்காக அக்கா என்னெல்லாம் பொய் சொல்றா பாரும்மா, அவளுக்குப் பொய் சொல்லவும் தெரியல'ன்னு. கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான் அவனுக்குச் சந்தோஷம்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கால நீட்டு பெரியவளே."

"வேணாம்மா" என்றாள் அக்கா.

இரண்டாம் தடவையாக அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அம்மாவின் காதில் அது விழவே இல்லை. கீழே உட்கார்ந்து, அவள் காலைத் தானாகவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் எலும்பின் மேல் அழுத்தினாள். விரலை எடுத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தாள்.

"குழி விழல."

"விழாதும்மா."

"விழாது, கண்ணு. விழுந்தாலும் பயப்படாத. என்னுது உனக்காகத்தான் இருக்கு."